அம்பாசடருக்கு டாப் லைனிங்: பனியன் துணி ஏன் ஆகாது?

திருப்பூரில் பழைய அம்பாசடரையோ பத்மினியையோ வாங்கிக் கொண்டுவந்து வாசலில் நிறுத்துகிறவரிடம் அக்கம்பக்கத்தார் முதலில் கேட்பது இன்ஜின் எப்படி, என்ன விலைக்கு முடிந்தது என்பதுதான். கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்ததும் கண் தானாக மேலே போய்விடும். பழுத்து மஞ்சளாகி, நடுவில் தொங்கி, ஓரமெல்லாம் துருக்கறை படிந்த ரெக்ஸின். பின்சீட்டில் கொஞ்சம் உயரமானவர் உட்கார்ந்தால் தலையில் இடிக்கும். உடனே யோசனையும் வந்துவிடும்: "ஏனுங்க, நம்மூர்ல துணிக்கா பஞ்சம்? காதர்பேட்டைல கிலோக் கணக்குல கெடக்குதுங்க. நாலு கிலோ எடுத்து அடிச்சு உட்ற வேண்டீதுதானுங்க!"

இதைச் சொல்பவர் விவரம் தெரியாதவர் அல்ல. துணியைக் கையில் தொட்டதுமே இது எத்தனை ஜி.எஸ்.எம் என்று ஏறக்குறையச் சரியாகச் சொல்லிவிடுகிறவராகக்கூட இருப்பார். சந்தேகம் வந்தால் ரவுண்டு கட்டரை வைத்து 100 சதுர சென்டிமீட்டர் வட்டமாக ஒரு துண்டு வெட்டி, எடை போட்டு, நூறால் பெருக்கிக் காட்டிவிடுவார். ஆனால் அவர் கை பழகிய துணி உடம்பில் போடுவதற்கானது. உடம்பின் மேல் கிடக்கிற துணி வேறு, காற்றில் தொங்குகிற துணி வேறு. கார்க் கூரைக்கு வேண்டியது இரண்டாவது வகை.

கார்க் கூரையும் துணியும் பழைய கூட்டாளிகள். 1930-களின் நடுப்பகுதி வரை மூடிய கார்களில்கூடக் கூரையின் நடுப்பகுதி இரும்பாக இருக்காது. மரச்சட்டம், அதன்மேல் மெத்தை, அதன்மேல் தண்ணீர் புகாத துணி என்று முடித்துவிடுவார்கள். அவ்வளவு அகலமான இரும்புத் தகட்டை ஒரே துண்டாக உருட்டி எடுத்து அழுத்தி வளைக்கும் வசதி அதுவரை வரவில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் தன் 1935-ஆம் ஆண்டு மாடல்களில் முழு இரும்புக் கூரையைக் கொண்டுவந்து 'டரெட் டாப்' என்று பெயர் சூட்டிப் பெரிதாக விளம்பரம் செய்தது. கூரை இரும்பானதும் இரண்டு தொல்லைகள் கூடவே வந்தன. வெயிலில் தகடு கொதிக்கும். மழையிலும் ஓட்டத்திலும் தவில் அடித்த மாதிரி அதிரும். மரச்சட்டத்தை மறைக்கிற வேலையில் இருந்த உள்துணி, அன்றிலிருந்து சூட்டையும் சத்தத்தையும் தாங்குகிற வேலைக்கு வந்தது.

இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு சீரிஸ் 3 காரிலிருந்து பிறந்த அம்பாசடர், உத்தர்பாராவில் 1950-களின் இறுதியில் தொடங்கி 2014 மே வரை தயாரானது. ஃபியட் 1100-இன் வழிவந்தது பிரீமியர் பத்மினி. இந்தத் தலைமுறைக் கார்களின் டாப் லைனிங், அதாவது கூரையின் உள்துணி, மேல்தகட்டில் ஒட்டப்பட்டிருக்காது, தொங்கிக்கொண்டிருக்கும். இடமிருந்து வலமாக நாலைந்து வளைந்த கம்பிகள். ஒவ்வொரு கம்பியின் இரண்டு முனையும் கதவுகளுக்கு மேலுள்ள சட்டத்தின் துளைகளில் செருகியிருக்கும். துணியின் முதுகில் பாவாடை நாடாவுக்குத் தைப்பதுபோலக் குழல் குழலாகத் தைத்து, அதற்குள் கம்பியைக் கோத்திருப்பார்கள். நாலு ஓரத்திலும் மட்டும் பசையோ கிளிப்போ பிடித்திருக்கும். நடுவில் தகட்டுக்கும் துணிக்கும் இடையே ஒரு காற்று இடைவெளி.

அந்த இடைவெளிதான் இந்த அமைப்பின் உயிர். சித்திரை வெயிலில் அவிநாசி ரோட்டில் நிறுத்திய காருக்குள் காற்றே 50 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். மேல்தகடு அதையும்விடச் சுடும், கை வைக்க முடியாது. தொங்குகிற துணி அந்தத் தகட்டைத் தொடுவதே இல்லை.

இதைப் பலர் தெரியாமல் கெடுத்துவிடுகிறார்கள். சீட் கவர் கடைகளில் சுலபமாகக் கிடைப்பது, பின்பக்கம் மெல்லிய ஸ்பாஞ்ச் ஒட்டிய லைனிங் துணி. புதுக்கார்களுக்கானது அது. கம்பிகளைக் கழற்றி எறிந்துவிட்டு, இந்தத் துணியை நேராகக் கூரைத் தகட்டில் ஒட்டிக்கொடுத்தால் அரை நாளில் வேலை முடியும். பார்க்கவும் பளிச்சென்று இருக்கும், உள்ளே உயரமும் ஓர் அங்குலம் கூடினாற்போலத் தெரியும். ஓரிரண்டு கோடையில் பசை இளகி, முதலில் பின்கண்ணாடிப் பக்கம் ஒரு கொப்புளம் எழும். அதற்குள் பழைய கம்பிகள் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும். ஒவ்வொரு கம்பியும் அந்தந்த இடத்துக்கென்றே வளைத்தது. சென்னை புதுப்பேட்டையிலோ கோவை உக்கடத்திலோ தேடி ஒரு முழு செட் கிடைத்தால் அது அதிர்ஷ்டம். அம்பாசடருக்கு இதைவிடப் பெரிய கெடுதலை எந்த எலியும் செய்ததில்லை.

ஸ்பாஞ்ச் துணியைத் திட்டுவதற்கில்லை. அதற்கென்று ஒரு வீடு இருக்கிறது. 1980-களுக்குப் பின் வந்த பெரும்பாலான கார்களில் கூரைக்கு அடியில் அச்சில் வார்த்த ஒரு பலகை இருக்கும். துணியை அதன்மேல் ஒட்டித்தான் காருக்குள் ஏற்றுவார்கள். அந்தத் துணி பெரும்பாலும் பாலியஸ்டர் அல்லது நைலான் டிரைகாட். பின்னால் சுமார் 3 மில்லிமீட்டர் பாலியூரித்தேன் நுரை, நெருப்பு நாக்கில் மேற்பரப்பை உருக்கி ஒட்டியது. வருடக்கணக்கில் சூடும் ஈரமும் பட்டுப்பட்டு நுரை மக்கி மாவாகிவிடும், தொங்குவது அதனால்தான். பசையில் குறையில்லை, பசை பிடித்திருந்த நுரைதான் இல்லாமல் போய்விட்டது. அதனால் ஊசி போட்டுப் பசையை உள்ளே பீய்ச்சுவதோ, குண்டூசி குத்தி நிறுத்துவதோ நாள் கடத்தும் வேலை. பலகையை வெளியே எடுத்து, மிச்ச நுரையைப் பிரஷ்ஷால் ஒன்றுவிடாமல் தேய்த்து உதிர்த்துவிட்டுப் புதுத் துணி ஒட்டுவதுதான் வழி. முகமூடி இல்லாமல் தேய்த்தால் மூக்கெல்லாம் ஆரஞ்சுப் பொடி.

டிரைகாட் என்றதும் திருப்பூர்க்காரர் காது நிமிரும். அதுவும் பின்னலாடைத் துணிதானே? ஆமாம், ஆனால் சித்தப்பா வீட்டுச் சொந்தம். ஊர் முழுக்க ஓடுவது வட்ட நிட்டிங் மெஷின். 30 அங்குல டயா, 24 கேஜ் என்றால் சுற்றிலும் ஏறக்குறைய 2,260 ஊசிகள். நூல் குறுக்காக ஓடி வரிசை வரிசையாகக் கண்ணி போடும். டிரைகாட்டில் ஒவ்வோர் ஊசிக்கும் பீமிலிருந்து அதற்கென ஒரு நூல் நெடுக்காக வந்து, பக்கத்து ஊசிக்கு மாறி மாறிக் கண்ணி போட்டுக்கொண்டே இறங்கும். இதனால் துணிக்குக் கொஞ்சம் இழுவை இருக்கும், ஆனால் இழுத்த இடத்திலேயே தளர்ந்து நின்றுவிடாது. ஒரு கண்ணி அறுந்தாலும் ஏணிபோல ஓடாது. அச்சுப் பலகையின் குழிகளில் படிந்து நிற்பதும் இதனால்தான்.

சிங்கிள் ஜெர்சியை எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டினால் ஓரம் சுருளும். நெடுக்கத்தைவிட அகலத்தில் அதிகம் இழுபடும். துவைத்தால் கோணிக்கொண்டு திரும்பும்; பனியனின் பக்கத் தையல் நாலு துவையலில் வயிற்றுக்கு வருவதற்குக் காரணம் அந்தக் கோணல்தான். இதை இரண்டு கம்பிகளுக்கிடையில் இழுத்துக் கட்டினால் முதல் மாதம் மத்தளத் தோல், ஆறாம் மாதம் தூளி. மழைக்காலத்து ஈரத்தை உறிஞ்சும், கோடையில் உலரும், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தளரும். இன்டர்லாக் பரவாயில்லை, சுருளாது, கோணாது. ஆனாலும் பருத்தி பருத்திதான். பழைய கம்பியில் துருவின் சாடை இருந்தாலும் ஈரத்தோடு சேர்ந்து கோடு கோடாக இறங்கிவிடும்.

ஃப்ளீஸ் எடுக்கலாமே, தடிமனாக, மெத்தென்று இருக்குமே என்று சிலர் கேட்பார்கள். அமெரிக்காவுக்கு ஃப்ளீஸ் அனுப்புகிற எந்த ஏற்றுமதிக் கம்பெனியிலும் பதில் இருக்கிறது. முடி எழுப்பிய பருத்தியின் மேல்பரப்பில் தீ பட்டால் பொசுக்கென்று ஒரே வீச்சில் ஓடும். அதற்காகவே 16 சி.எஃப்.ஆர் 1610 என்ற சோதனை: துணியை 45 டிகிரி சாய்த்து வைத்து, ஒரு விநாடி தீயைக் காட்டி, எவ்வளவு வேகமாக எரிகிறது என்று பார்ப்பார்கள். காருக்குள் வைக்கிற துணிக்குத் தனி விதி. அமெரிக்காவில் 1972-இல் நடைமுறைக்கு வந்த எஃப்.எம்.வி.எஸ்.எஸ் 302-இன்படி, படுக்கையாக வைத்த துணியில் தீ நிமிடத்துக்கு 102 மில்லிமீட்டருக்கு மேல் பரவக் கூடாது. நம் நாட்டில் ஐ.எஸ் 15061 இருக்கிறது. பழைய காருக்கு யாரும் வந்து சோதிக்கப்போவதில்லை என்பது உண்மை. ஆனால் அந்தக் கூரைக்குள்தான் ஐம்பது வருடத்துப் பழைய ஒயர் ஒன்று ரூஃப் லைட்டுக்குப் போகிறது.

ஆக, அம்பாசடர் போன்ற கம்பிக் கூரைக்கு என்ன துணி? அசல் தோற்றம்தான் வேண்டும் என்றால், பொடித் துளைகள் போட்ட வெளிர்நிற வினைல் ரெக்ஸின். துணிதான் வேண்டும் என்றால், நுரை ஒட்டாத, லேசாக மட்டும் இழுவை உள்ள பாலியஸ்டர்: டிரைகாட்டோ நெருக்கமாக நெய்த துணியோ. 54 அல்லது 60 அங்குல அகலம் கூரைக்குப் போதும், மூன்றிலிருந்து நாலு மீட்டர் நீளம் எடுத்தால் தாராளம். திருப்பூரிலேயே செயற்கை இழை ஓடுகிற நிட்டிங் யூனிட்டுகள் இப்போது இருக்கின்றன. ஆனால் அங்கே ஓடுவது பெரும்பாலும் ஸ்பான்டெக்ஸ் கலந்த விளையாட்டு உடைத் துணி. நாலு பக்கமும் இழுபடும், கூரைக்கு ஆகாது. ரப்பர்போல இழுபடுகிற துணி, கம்பிக்குக் கம்பி நடுவில் உள்வாங்கி, காரின் மேற்கூரையையே ஒட்டகமாக்கிவிடும்.

வேடிக்கை என்னவென்றால், பருத்திக்கும் இந்த வேலையில் ஓர் இடம் உண்டு, அது மறைவான இடம். துணியின் முதுகில் தைக்கிற அந்தக் குழல்களுக்கு இழுபடாத நெய்த துணி வேண்டும். பல்லடம், சோமனூர்ப் பக்கத்து விசைத்தறிக் காடா அதற்குப் பிரமாதம். பனியனில் தையலும் துணியோடு சேர்ந்து இழுபட வேண்டும், அதற்குத்தான் ஓவர்லாக், பேட்லாக். கூரையில் நேர் எதிர். தையல் இம்மியும் இழுபடக் கூடாது. சிங்கர் மெஷினில், பாலியஸ்டர் நூலில், நேர்த்தையல். ஓவர்லாக்கில் பத்து வருடம் கை ஓடிய டெய்லரிடம் கொடுத்தால், பழக்கத்தில் துணியைக் கொஞ்சம் இழுத்துக் கொடுத்தே தைப்பார். தையல் வழி அலை அலையாக எழும். முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இனிக் கழற்றும் வேலை. சன்வைசர், கண்ணாடி, ரூஃப் லைட், கைப்பிடி எல்லாம் இறங்க வேண்டும். துணியின் முன்ஓரமும் பின்ஓரமும் பெரும்பாலும் கண்ணாடி ரப்பர் பீடிங்கின் அடியில் மடிந்திருப்பதால், முன்கண்ணாடியையும் பின்கண்ணாடியையும் எடுத்தே ஆக வேண்டும். பயந்து எடுக்காமல் விட்டு, பீடிங்கின் உதட்டைத் தூக்கித் துணியைத் திணிக்கிற கடைகளும் உண்டு. நிற்காது. அதற்கடுத்து, கம்பியில் கை வைக்கும் முன் முன்னாலிருந்து பின்னால் வரிசையாக எண் போட்டு, இடது வலது குறித்து, எந்தத் துளையில் இருந்தது என்று போட்டோவும் எடுத்துக்கொள்ள வேண்டும். சில கார்களில் ஒரே கம்பிக்கு இரண்டு மூன்று துளைகள் இருக்கும். துளை மாறினால் கூரையின் வளைவே மாறும்.

பழைய லைனிங்கைக் கிழித்துக் குப்பையில் போடக் கூடாது. தையலைப் பிரித்து விரித்தால் அதுதான் பேட்டர்ன். நடுக்கோடு ஒன்று வரைந்து, அதிலிருந்து இரண்டு பக்கமும் அளந்தால் எது இழுபட்டிருக்கிறது, எது சுருங்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும். கட்டிங் மாஸ்டர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் விடுகிற அரை அங்குலத் தையல் அளவு இங்கே போதாது, ஓரத்தில் மூன்று நாலு அங்குலம் மிச்சம் விட வேண்டும். பிடித்து இழுக்கக் கைக்குத் துணி வேண்டாமா?

துணி இல்லாமல் கூரை அம்மணமாக நிற்கும் அந்த ஒன்றிரண்டு நாளில்தான் மற்ற வேலையெல்லாம். தகட்டின் உள்துருவைத் தேய்த்து ரெட் ஆக்சைடு அடிப்பது, கூரை ஓரத் தண்ணீர்க்காலின் இணைப்பில் விரிசல் இருந்தால் சீலன்ட் வைப்பது, அதிர்வுக்குத் தாரட்டை ஒட்டுவது, ரூஃப் லைட் ஒயரை மாற்றுவது, கம்பிகளைத் தேய்த்து பெயின்ட் அடிப்பது. சென்னை வண்டலூரில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒரு சலுகை: அதன் கூரை போல்ட்டில் நிற்பது, கழற்றித் தரையில் கவிழ்த்துப் போட்டு வேலை பார்க்கலாம். மற்றவர்களுக்குக் கழுத்துவலிதான்.

துணியை ஏற்றுவது இரண்டு பேர் வேலை. கம்பிகளைக் குழலில் கோத்து வரிசையாக நிறுத்தியதும், முதலில் நடுக்கோட்டில் முன்னும் பின்னும் இழுத்து கிளிப் மாட்ட வேண்டும். பிறகு நடுவிலிருந்து மூலைகளை நோக்கி. முன்பின் ஓரங்கள் முடிந்த பிறகே பக்கவாட்டுக்கு வர வேண்டும், அதுவும் நடுத்தூணில் ஆரம்பித்து இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி. ஒரு பக்கத்தை முழுக்க முடித்துவிட்டு மறுபக்கம் போனால் தையல் கோடுகள் வில்லாக வளைந்துவிடும். பக்கத்துச் சுருக்கம் போகாமல் அடம்பிடித்தால் குற்றவாளி பெரும்பாலும் குழலின் முனைதான். குழலின் இரண்டு நுனியையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கத்தரித்துத் துணியை விடுவிக்க வேண்டும், ஒரு நேரத்தில் அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம். கூடுதலாக வெட்டினால் அங்கே துணி கம்பியை விட்டு இறங்கிவிடும்.

மரவேலைக்கான வெள்ளை ஃபெவிகால் இதற்கு ஆகாது. ஃபெவிகால் எஸ்.ஆர் போன்ற ரப்பர் பசை வேண்டும், வாங்கும்போது எவ்வளவு சூடு தாங்கும் என்று டின்னில் பார்த்து வாங்க வேண்டும். தகட்டிலும் துணியிலும் தனித்தனியே தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை விட்டு, அப்புறம் அழுத்த வேண்டும். ஒட்டிய பிறகு நகர்த்த முடியாது. அதனால் எல்லா ஓரத்தையும் முதலில் கிளிப்பில் நிறுத்தி, திருப்தியான பிறகு ஒவ்வொரு சாணாக எடுத்து ஒட்டுவதுதான் நிதானமான வேலை. நாலு கதவும் திறந்திருக்க வேண்டும். பீடி, சிகரெட் பக்கத்திலேயே கூடாது, அந்தப் பசையின் ஆவி தீப்பிடிக்கும். மிச்சமிருக்கும் சின்னச் சுருக்கங்களுக்கு ஸ்டீம் போதும். தெருவுக்குத் தெரு ஸ்டீம் அயர்ன் இருக்கிற ஊர் என்பதால், இந்த ஒரு விஷயத்தில் வேறு எந்த ஊருக்கும் இல்லாத வசதி திருப்பூருக்கு. அயர்ன் துணியைத் தொடக் கூடாது, ஆவி மட்டும் படவேண்டும். ரெக்ஸின் என்றால் ஸ்டீம்கூட வேண்டாம், கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒருநாள் வெயிலில் நிறுத்தினால் தானாக இறுகும்.

கூரைத் துணியை அலங்காரமாகவே பார்த்தவர்களும் உண்டு. மும்பையின் கறுப்பு மஞ்சள் பத்மினி டாக்சிகளில் 2015-இல் சங்கேத் அவ்லானி தொடங்கிய 'டாக்சி ஃபேப்ரிக்' திட்டத்தில், இளம் டிசைனர்கள் வரைந்த ஓவியங்களைத் துணியில் அச்சிட்டு, சீட்டு, கதவு, கூரை என்று உள்பக்கம் முழுக்கப் போர்த்தினார்கள். பயணி அண்ணாந்து பார்த்தால் தலைக்குமேல் ஓர் ஓவியம் இருந்தது. 2023 அக்டோபரோடு மும்பையின் கடைசி பத்மினி டாக்சிக்கும் 20 வருட வயது வரம்பு முடிந்து, அந்த வண்டிகள் தெருவிலிருந்து போய்விட்டன. திருப்பூரில் அச்சுத் தொழில் இருக்கிற அளவுக்கு இப்படி ஒன்றைச் செய்வது கைக்கெட்டும் காரியம். ஆனால் அச்சை முழு நீளத்துக்கு ஒரே படமாகப் போட்டால், கம்பிக் குழலுக்காகத் தையல் வருகிற ஒவ்வோர் இடத்திலும் படம் அரை அங்குலம் விழுங்கப்படும் என்பதை வரைகிறவர் முதலிலேயே கணக்கில் எடுக்க வேண்டும்.

அசலா, அலங்காரமா என்ற சண்டைக்குச் சட்டம் குறுக்கே வருவதில்லை. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விண்டேஜ் வாகன விதிகளின்படி, 50 வருடம் தாண்டிய, சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவை பெரிதாக மாற்றப்படாத வண்டிக்கு 'விஏ' எழுத்துகளோடு தனிப் பதிவெண் வாங்கலாம். டாப் லைனிங் இந்த மூன்றிலும் சேராது. எப்படித் தைப்பது என்பதில் குழப்பம் உள்ளவர்கள் கோவை அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு குடும்பத்தார் 2015-இல் திறந்த ஜிடி கார் அருங்காட்சியகத்துக்குப் போய், பழைய வண்டிகளின் உள்பக்கம் கண்ணாடி வழியே எவ்வளவு தெரிகிறதோ அவ்வளவு பார்த்துவரலாம். எல்லாரும் பானெட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒருவர் மட்டும் குனிந்து கூரையைப் பார்ப்பது கொஞ்சம் விநோதமாகத்தான் இருக்கும்.

கண்ணாடியைத் திரும்ப ஏற்றும்போது பீடிங்கின் பள்ளத்தில் சுற்றிலும் ஒரு நைலான் கயிற்றைப் போட்டு, சோப்புத் தண்ணீர் தடவி, வெளியிலிருந்து ஒருவர் தட்டித் தட்டி அழுத்த, உள்ளிருந்து ஒருவர் கயிற்றை உருவினால் ரப்பர் உதடு தானாக உள்ளே மடியும். புதுத்துணி ஓரத்தை உள்ளே சேர்த்துவிட்டதால் பீடிங் முன்பைவிட இறுக்கமாக இருக்கும், அவசரப்பட்டால் மூலையில் கண்ணாடி விரியும்.

கடைசியாக சன்வைசர். இதைத்தான் எல்லாரும் மறப்பார்கள். கூரை பளபளவென்று வந்த பிறகு பழைய வைசரை மாட்டினால் அழுக்காகத் தெரியும். அப்போது போய் அதே துணி கேட்டால் கடையில் இருப்பது வேறு லாட். டையிங் தெரிந்த ஊருக்கு லாட்டுக்கு லாட் ஷேடு மாறும் என்று சொல்லவா வேண்டும்? வைசர் இரண்டு, பின்கண்ணாடிப் பக்கத்துத் தூண் துண்டுகள் இரண்டு, பின்னாளில் கிழிந்தால் ஒட்டுப்போட ஒரு துண்டு. இவ்வளவுக்கும் சேர்த்து, முதல் நாளே அதே ரோலில் ஒரு மீட்டர் கூடுதலாக வெட்டச் சொல்லுங்கள்.